பேதி உப்பிலிருந்து கேஸ் லைட்டர் வரை

போன மாதம் எங்கள் வீட்டு கேஸ் லைட்டர் மக்கர் செய்தது. என் மனைவி தாராபுரத்துக்காரி. நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்கு பேட்டரி மாத்தோணுமுங்களா?" என்றாள். அதற்கு பேட்டரியே கிடையாது என்றேன். "அப்புறம் பொறி எங்கிருந்து வருதுங்க?" உள்ளே ஒரு சின்னக் கல் இருக்கிறது, அதைச் சுத்தியல் மாதிரி ஒன்று தட்டுகிறது, தட்டினால் அந்தக் கல் மின்சாரம் கொடுக்கிறது என்று சொன்னேன். "அடிச்சா எந்தக் கல்லுங்க கரண்ட்டு குடுக்கும்?" என்று சிரித்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நியாயமான கேள்விதான். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்து, அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து யூ.டி.சி.யாக ஓய்வு பெற்று, மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தவன். ஆனால் ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு நேரம் நிறைய இருக்கிறது, ஒரு கோப்பை எடுத்தால் முதல் தாள் வரை போய்ப் பார்க்கும் வியாதியும் இருக்கிறது. அப்படிப் போனதில் நான் சின்ன வயதில் ஒரு பரீட்சைக்காக மனப்பாடம் செய்த உப்பு ஒன்று நடுவில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் அறுபது வருஷமாக முடியாமல் கிடந்த ஒரு வழக்குக்கும் விடை கிடைத்தது. அது பின்னால்.

முதலில் கல். எங்கள் பக்கத்தில் கல் என்றால் காங்கேயம். அதை ஒட்டிய படியூரில் எடுத்த நீலப்பச்சைக் கல் ரோமாபுரி வரை போனதாக வரலாற்றுக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் நம் கதையின் கல் இலங்கையிலிருந்து கிளம்பியது. சிங்களத்தில் தோரமல்லி என்று பெயர். அந்தப் பெயரைத்தான் ஐரோப்பியர்கள் டூர்மலின் ஆக்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வியாபாரிகள் இதை ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு வேடிக்கை தெரிந்தது. கல்லைச் சூடான கரி அருகில் வைத்தால் சாம்பலை இழுக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளிவிடுகிறது. 'சாம்பல் இழுப்பான்' என்று டச்சுக்காரர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். 1717-இல் லூயி லெமெரி என்பவர் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இந்த இலங்கைக் கல்லைப் பற்றிச் சொன்னார். 1756-இல் பெர்லினில் ஏபினுஸ் என்பவர்தான் இது மின்சாரத்தின் வேலை என்று காட்டினார். சூடுபட்டால் கல்லின் ஒரு முனை நேர்மின்னும் மறு முனை எதிர்மின்னும் ஏற்கிறது.

அதாவது, அந்தக் கல்லுக்குள் ஒரு திசை இருக்கிறது. நமக்குத் தலை, கால் இருப்பது போல. அந்தத் திசையைத்தான் மின்முனைவு என்கிறார்கள். ஆனால் டூர்மலினின் தலையும் காலும் பூமிக்குள் அது உருவானபோது விழுந்தவை. எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் மாற்ற முடியாது. ஒரு முறை எழுதிக் கையெழுத்துப் போட்ட உத்தரவு மாதிரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

இனி உப்பு. ரசாயன வகுப்பில் எங்களுக்கு 'செல் தெ சேஞெத்' என்று ஒன்று வரும். சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் ஃபேலிங் கரைசலில் சேர்க்கும் பொருள். நீல நிறக் கரைசலைக் காய்ச்சினால், சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும். முன்பெல்லாம் சர்க்கரை வியாதிக்காரர்களின் சிறுநீரை இப்படித்தான் சோதித்தார்கள். சேஞெத் யார் என்று எங்கள் வாத்தியார் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிரான்சின் மேற்குக் கரையில் லா ரொஷேல் என்ற துறைமுகப் பட்டணம். அங்கே 17-ஆம் நூற்றாண்டில் மருந்துக்கடை வைத்திருந்த குடும்பம் சேஞெத் குடும்பம். ஒயின் பீப்பாயின் உள்பக்கம் படியும் புளிப்பான கசடையும் சோடாவையும் சேர்த்து ஒரு உப்பு தயாரித்தார்கள். எதற்கு? பேதிக்கு. மென்மையாக வயிற்றைக் கழுவும் மருந்து என்று பாரிஸ் வரை விற்றது. செய்முறையைப் பல பத்தாண்டுகள் ரகசியமாக வைத்துக் காசு பார்த்தார்கள். 1731-இல்தான் வேறு வேதியியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். இங்கிலீஷில் ஊர்ப் பெயரால் ரோஷல் உப்பு என்கிறார்கள். பிரெஞ்சில் ஆள் பெயர் நிலைத்தது.

ஒயின் கசடில் இருக்கும் அந்தப் புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் ஊர்ப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். எங்கள் தெருவில் மாசி, பங்குனியில் வாசலில் பாய் விரித்துப் புளி தட்டி, ஓடும் கொட்டையும் எடுக்கும் பெண்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு லா ரொஷேல் ஞாபகம் வருகிறது. மனைவியிடம் சொன்னேன். ரசத்தில் உப்பு கூடிப்போச்சா என்று கேட்டாள்.

1824-இல் டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சூடுபட்டால் மின்னேறும் பொருள்களின் பட்டியலில் இந்த உப்பையும் சேர்த்தார். 1880-இல் பாரிஸில் ழாக், பியேர் என்ற கியூரி சகோதரர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். சில படிகங்களை அழுத்தினாலே மின்னேறுகிறது. டூர்மலின், குவார்ட்ஸ், கரும்புச் சர்க்கரைப் படிகம், அப்புறம் நம் பேதி உப்பு. பியேருக்கு அப்போது 21 வயது. மேரியைச் சந்திக்க இன்னும் பல வருஷம் இருந்தது. என் மனைவியின் கேள்விக்கு விடையின் முதல் பாதி இந்தச் சகோதரர்களுடையது. அழுத்தினால் உள்ளே இருக்கும் நேர்மின்னும் எதிர்மின்னும் கொஞ்சம் இடம் பெயர்கின்றன, முகங்களில் மின்சாரம் தோன்றுகிறது. இரண்டாம் பாதிக்கு இன்னும் நாற்பது வருஷம் ஆனது.

அந்த இரண்டாம் பாதியைக் கண்டுபிடித்தவர் ஜோசப் வலாசெக். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். ரோஷல் உப்பின் மின்குணங்களை அளந்துகொண்டிருந்தார். படிகத்துக்கு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார், பிறகு இறக்கினார், பிறகு எதிர்ப்பக்கம் ஏற்றினார். ஏறிய வழியில் அது இறங்கி வரவில்லை. மின்னழுத்தத்தைச் சுத்தமாக எடுத்த பிறகும் படிகம் முன்பு தள்ளிய பக்கமே நின்றது. எதிர்ப்பக்கம் போதுமான அளவு தள்ளியபோது புரண்டது. அதன் பிறகு அந்தப் பக்கமே நின்றது. வரைபடத்தில் போட்டால் ஒரு கண்ணி வந்தது. இரும்பைக் காந்தமாக்கும்போது வரும் அதே கண்ணி. நம் தமிழ்ப் பாடப் புத்தகங்கள் இதைத் தயக்கக் கண்ணி என்கின்றன. யார் வைத்த பெயரோ, இங்கிலீஷ் வார்த்தையைவிட நன்றாக இருக்கிறது. 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த இயற்பியல் கழகக் கூட்டத்தில் வலாசெக் இதைப் படித்தார்.

டூர்மலினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இப்போது புரிந்திருக்கும். இரண்டுக்கும் திசை உண்டு. டூர்மலினின் திசை மாறாது. உப்பின் திசையை மாற்றலாம், மாற்றினால் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். இதுதான் இந்த வகைப் பொருள்களுக்கு இலக்கணம். இரும்பு துளியும் இல்லாவிட்டாலும் இரும்பைப் போல நடப்பதால் ஃபெர்ரோ மின் பொருள் என்று பெயர்.

ஒரு சங்கதியை நான் ரசித்துப் படித்தேன். இந்த உப்பு, கழித்தல் 18 டிகிரிக்கும் 24 டிகிரிக்கும் இடையில்தான் இந்தக் குணத்தைக் காட்டும். அதற்கு மேலே போனால் அழுத்தினால் மின்சாரம் தரும், ஆனால் புரண்டு நிற்கும் ஞாபகம் போய்விடும். மினசோட்டாவில் இது பிரச்சினையே இல்லை. இங்கே தாராபுரத்தில் 24 டிகிரிக்குக் கீழே என்றால் மார்கழி, தையில் விடியற்காலை சில மணி நேரம்தான். வலாசெக் அமராவதிக் கரையில் உட்கார்ந்து சித்திரை மாசம் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது? பெரிதாக ஒன்றும் இல்லை. இது ஒரே ஒரு உப்பின் கோளாறு என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1935-இல் ஜூரிச்சில் இன்னொரு உப்பில், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில், இதே குணம் தெரியும்வரை இதற்குக் கூட்டாளி இல்லை. வலாசெக் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார், ஒளியியலுக்குப் பாடப்புத்தகம் எழுதினார், 1993-இல் காலமானார். ஆரம்பத்தில் இதை மதித்தவர்கள் ரஷ்யர்கள். லெனின்கிராடில் இந்த உப்பை ஆராய்ந்து 1933-இல் புத்தகமே போட்டவர் இகோர் குர்ச்சாத்தவ். ஆம், பின்னால் சோவியத் அணுகுண்டைச் செய்த அதே குர்ச்சாத்தவ். பிரெஞ்சுக்காரர்களே 'ஃபெர்ரோ எலெக்ட்ரிக்' என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ரஷ்ய மொழியில் இன்றைக்கும் இந்தப் பொருள்களுக்கு 'செக்னெத்தோ எலெக்ட்ரிக்' என்றுதான் பெயர். லா ரொஷேல் மருந்துக்கடைக்காரர் மாஸ்கோவில் உயிரோடு இருக்கிறார்.

பிறகு யுத்தம் வந்தது. ரேடியோவுக்கும் ராடாருக்கும் மின்தேக்கி வேண்டும். மின்தேக்கிக்கு அபிரகம், அதாவது மைக்கா, வேண்டும். நல்ல அபிரகம் பீகாரிலிருந்தும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. கடலில் நீர்மூழ்கிகள் திரிந்த காலத்தில் அதை நம்பியிருக்க முடியவில்லை. பதிலுக்குப் பீங்கான் தேடியதில் பேரியம் டைட்டனேட் கிடைத்தது. அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் மூன்று இடத்திலும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கண்டுபிடித்தார்கள். இது உப்பு மாதிரி தண்ணீரில் கரையாது, சுமார் 120 டிகிரி வரை குணம் மாறாது. எம்.ஐ.டி.யில் ஆர்தர் ஃபான் ஹிப்பெல் குழுவினர் இதுவும் ஃபெர்ரோ மின் பொருள்தான் என்று காட்டினார்கள். இதன் அமைப்பு எளிமையானது. ஒரு கனசதுரப் பெட்டி, மூலைகளில் பேரியம், முகங்களில் ஆக்சிஜன், நடுவில் டைட்டானியம். குளிர்ந்தால் அந்த நடு அணு மையத்தை விட்டு ஒரு பக்கமாக மயிரிழைக்கும் குறைவாக நகர்ந்து உட்கார்ந்துவிடுகிறது. மேலே உட்கார்ந்தால் ஒரு திசை, கீழே உட்கார்ந்தால் எதிர்த் திசை.

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். 1940-இல் பெங்களூரில் சி.வி. ராமனும் அவர் மாணவர் டி.எம்.கே. நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடாக்கிக்கொண்டே அதன் ஒளிச்சிதறலைப் பார்த்தார்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸின் அமைப்பு மாறும். அந்த இடம் நெருங்க நெருங்க, அணுக்களின் ஒரு குறிப்பிட்ட அதிர்வு மட்டும் தளர்ந்துகொண்டே வந்தது. இருபது வருஷம் கழித்து காக்ரன், ஆண்டர்சன் என்ற இரண்டு பேர், ஃபெர்ரோ மின் பொருளில் அந்த நடு அணு ஏன் நகர்கிறது என்பதற்கு இதே தளரும் அதிர்வைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ராமன் என்றால் நமக்கு ராமன் விளைவோடு கதை முடிந்துவிடுகிறது. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, புரள்வது எப்படி? படிகம் முழுவதும் ஒரே நொடியில் கவிழ்கிறதா? இல்லை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எதிர்க் காட்டில் செம்மறி ஆட்டுப் பட்டி தெரியும். மத்தியான வெயிலில் ஆடுகள் கும்பல் கும்பலாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். ஒரு கும்பல் முழுக்க ஒரு பக்கம் பார்க்கும், அடுத்த கும்பல் வேறு பக்கம். படிகமும் அப்படித்தான். ஒரே திசை பார்க்கும் அணுக்களின் கும்பலுக்கு டொமைன் என்று பெயர். 1940-களின் கடைசியில் பேரியம் டைட்டனேட்டிலும், 1953-இல் ரோஷல் உப்பிலும் இவற்றை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். இரும்பில் இரண்டு கும்பலுக்கு நடுவே திசை கொஞ்சம் கொஞ்சமாக மாறும் அகலமான எல்லை உண்டு. இங்கே எல்லைச் சுவர் சில அணு வரிசைதான். இந்தப் பக்கம் மேலே, அந்தப் பக்கம் கீழே.

ஆட்டுக்காரர் சாயந்தரம் குரல் கொடுத்தால் முதலில் ஓரத்தில் ஒன்றிரண்டு திரும்பும். அதைப் பார்த்து அதன் பின்னால் இருப்பவை, பிறகு பக்கத்தில் இருப்பவை. படிகத்திலும் மேற்பரப்பில், ஏதாவது குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முளை எதிர்த் திசைக்குப் புரளும். அது ஊசி மாதிரி உள்ளே நீண்டு மறு பக்கத்தைத் தொடும். பிறகு பக்கவாட்டில் பரவும். 1954-இல் பெல் ஆய்வகத்தில் மெர்ஸ் என்பவர் இதன் வேகத்தை அளந்தார். மின்புலம் குறையக் குறையப் புரளும் நேரம் மளமளவென்று கூடிப் போகிறது. ஆனால் 'இதற்குக் கீழே புரளவே புரளாது' என்று ஒரு கறாரான கோடு கிடையாது.

அந்தக் கோடு இல்லாதது ஒருவரின் திட்டத்தையே கவிழ்த்தது. 1952-இல் எம்.ஐ.டி. மாணவர் டட்லி பக், இந்தப் படிகங்களைக் கம்ப்யூட்டரின் ஞாபகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஆய்வேடு எழுதினார். மேலே பார்த்தால் ஒன்று, கீழே பார்த்தால் பூஜ்யம். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி போட்டு, வேண்டிய சந்திப்பில் மட்டும் முழு மின்னழுத்தம் விழும்படி செய்வது யோசனை. ஆனால் அந்த வரிசையில் இருக்கும் மற்றவற்றின் மேல் பாதி மின்னழுத்தம் விழும். ஒரு தடவை விழுந்தால் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப விழுந்தால் முளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, யாரும் சொல்லாமலே எழுத்து மாறிவிடும். போதாக்குறைக்கு, பல லட்சம் தடவை புரட்டிய படிகம் களைத்துப்போய்ப் பாதிதான் புரளும். அவர்களே வைத்த பெயர் களைப்பு. ஒவ்வொரு படிகத் துணுக்குக்கும் ஒரு டிரான்சிஸ்டரைக் காவலுக்குப் போட்ட பிறகு, 1980-களுக்குப் பின்தான் இந்த ஞாபகச் சில்லுகள் கடைக்கு வந்தன. களைக்காத பொருள் ஒன்றை 1995-இல் கொலராடோவில் அறிவித்தார்கள். 2011-இல் சாதாரணச் சில்லுகளில் ஏற்கனவே இருக்கும் ஹாஃப்னியம் ஆக்சைடிலேயே இந்தக் குணம் இருப்பதை ஜெர்மனிக்காரர்கள் காட்டியதிலிருந்து மறுபடி பரபரப்பு.

இப்போது கேஸ் லைட்டர். உள்ளே இருப்பது காரீயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான் துண்டு. சுட்டு எடுத்த பீங்கானில் கோடிக்கணக்கான துகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. அப்படியே தட்டினால் ஒன்று கொடுப்பதை இன்னொன்று கழித்துவிடும், பொறி வராது. அதனால் தொழிற்சாலையில் அதைச் சூடாக்கி, பெரிய மின்னழுத்தம் கொடுத்து, டொமைன்களை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். மின்சாரத்தை எடுத்த பிறகும் அவை அப்படியே நிற்கின்றன. புரளும், புரண்ட பக்கம் நிற்கும் என்ற அந்தக் குணம் இல்லாவிட்டால் பீங்கானை இதற்குப் பயன்படுத்தவே முடியாது. அதன் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட். வயிற்றை ஸ்கேன் செய்யும் கருவியின் முனையில் இருப்பதும் இந்தப் பீங்கான் குடும்பம்தான்.

கடைசியாக எங்கள் வீட்டு வழக்கு. 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். பெரியப்பா குடும்பத்தோடு கப்பல் ஏறும்போது தன் ரெக்கார்டு பிளேயரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைத் துணி போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் அலமாரிக்கு மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்கிப் பாட வைப்பார். அடுத்த கோடையில் ஒரு ஞாயிறு, தட்டு சுற்றியது, பாட்டு வரவில்லை. கிசுகிசுப்பாக ஏதோ கேட்டது, அவ்வளவுதான். நான் அதற்கு முந்தின வாரம் ரகசியமாகப் போட்டுக் கேட்டேன் என்பது தங்கை மூலமாக அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசியை நான்தான் கெடுத்தேன் என்று முடிவு செய்தார். அடிக்கவில்லை. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்து, "கிரிஸ்டல் போயிடுச்சு முசியே, பாரிஸ்ல இருந்துதான் வரணும்" என்றார். அப்பா தம்பியாக இருந்தும் அண்ணனுக்குக் கடிதம் எழுதிக் கேட்கவில்லை. பிளேயர் அப்படியே கிடந்தது.

அந்தக் காலத்து ரெக்கார்டு பிளேயர் பலவற்றில், ஊசிக்குப் பின்னால் இருந்த கிரிஸ்டல் ரோஷல் உப்புதான். ஊசி அதிர, உப்பு மின்சாரம் கொடுக்க, ஒலிபெருக்கி பாடும். அந்த உப்புக்கு ஈரக் காற்று ஆகாது. சுமார் 55 டிகிரிக்கு மேல் சூடு போனால் தன் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரை விட்டு உருகிக் குலைந்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒரு முழம் கீழே, துணி போர்த்திய பெட்டிக்குள் என்ன சூடு இருந்திருக்கும், அதற்கு மேல் கடற்காற்று வேறு. ஊசி என் கையில் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன். "அப்போ மாமாதான் கெடுத்தாருங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெயில் என்றேன். கடைவீதியில் புது லைட்டர் வாங்கி வந்தாயிற்று. பழையதைப் பிரித்து அந்தப் பீங்கான் துண்டை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். சுண்டு விரல் நகத்தளவுதான் இருக்கிறது.